இலங்கை 78, இந்தியா 134: லயத்து மக்கள் எந்தக் கணக்கில்?

2022ஆம் ஆண்டு இலங்கை எப்படி இருந்தது என்பது நமக்கு நினைவிருக்கும். பெட்ரோலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். கோத்தபய நாட்டை விட்டே ஓடினார். அதே ஆண்டுக்கான ஐ.நா. மனித மேம்பாட்டுக் குறியீட்டில் இலங்கைக்கு 78ஆவது இடம், இந்தியாவுக்கு 134ஆவது இடம். கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்த நாடு, வல்லரசாகப் போவதாகச் சொல்லிக்கொள்ளும் நாட்டை விட 56 படி மேலே!

இந்த வித்தியாசத்துக்கு வயது அதிகம். வயது வந்தோர் வாக்குரிமை இலங்கையில் 1931லேயே வந்துவிட்டது. வாக்கு கேட்டு வந்தவர்கள் ஊருக்குப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கொண்டுவர வேண்டியிருந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. அரிசிப் பங்கீடு அதற்கு முன்பே, போர்க்காலத்தில் தொடங்கியிருந்தது. 1951 கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர்தான். இலங்கையில் 1946லேயே பாதிக்கும் மேல். ஏழை நாடும் தன் மக்களை வாழவைக்க முடியும் என்பதற்கு உதாரணமாக அமர்த்தியா சென் இலங்கையைக் காட்டியது இதனால்தான்.

சரி, இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? விடுதலை பெற்ற காலத்தில் இலங்கையின் ஏற்றுமதி வருமானத்தில் மிகப் பெரும்பகுதி தேயிலை, ரப்பர், தென்னை மூன்றிலிருந்தும்தான் வந்தது. அதில் முதலிடம் தேயிலைக்கு. கொழுந்து பறித்தவர்கள் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து பஞ்சத்துக்குத் தப்பி, கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு கடல் கடந்தவர்கள். எல்லோரும் தலித்துகள் என்று சொல்ல முடியாது, ஆனால் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். பெரிய கங்காணிகளில் பலர் இவர்களுக்கு மேலே வைக்கப்பட்ட சாதியினர். ஊரில் பண்ணையாரிடம் பட்ட கடன் மலையில் கங்காணியின் கணக்கில் ஏறியது, அவ்வளவுதான். லயங்களிலும் சாதி பார்த்தே காம்பரா ஒதுக்கிய தோட்டங்கள் உண்டு.

இலங்கை விடுதலை பெற்றதும் செய்த முதல் வேலைகளில் ஒன்று 1948 குடியுரிமைச் சட்டம். சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த ஆண்டு வாக்கும் போனது. இங்கே 1950இல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது, தீண்டாமை ஒழிக்கப்பட்டது, 1951-52 தேர்தலில் சேரிகளில் இருந்தவர்கள் முதல்முறையாக வரிசையில் நின்று வாக்களித்தார்கள். ஒரே குடும்பத்தில் ஊரிலேயே தங்கிவிட்ட தம்பிக்கு வாக்கு கிடைத்த நேரத்தில், நுவரெலியா போன அண்ணனுக்கு அது பறிபோனது. 1950 மே மாதம் பௌத்த மாநாட்டுக்காக அம்பேத்கர் கண்டிக்குப் போனார். அந்நகரைச் சுற்றியுள்ள மலைகளெல்லாம் அப்போது வாக்கில்லாத மக்களால் நிறைந்திருந்தன.

வாக்கில்லாதவரிடம் யார் பள்ளிக்கூடம் தருவதாகச் சொல்லி வருவார்கள்? நாடு முழுவதும் இலவசக் கல்வி பரவியபோதும் தோட்டப் பள்ளிகள் நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தன. அரசு அவற்றை எடுத்துக்கொள்ள 1970கள் ஆயிற்று. அதே 1970களின் நடுவில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, கிராமத்து ஏழைக்கு மரவள்ளி நட ஒரு துண்டு நிலமாவது இருந்தது. லயத்துக்காரருக்கு வாசல்கூடத் தோட்டத்துக்குச் சொந்தம். தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. உலகம் இலங்கையின் சாதனையைப் பாராட்டிக்கொண்டிருந்த காலம் அது.

இந்தியாவுக்கு வந்தவர்கள் கதை வேறா? 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 9,75,000 பேரை இரு அரசுகளும் பங்கு போட்டன. இந்தியாவின் பங்கு 5,25,000, இலங்கையின் பங்கு 3,00,000, மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. 1980களின் நடுப்பகுதிக்குள் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இங்கு வந்து சேர்ந்தார்கள். தேயிலையைத் தவிர வேறெதுவும் தெரியாதவர்களிடம் தொழில் கடனைக் கொடுத்து, போய்க் கடை வை என்றது அரசு. கடை எத்தனை நாள் ஓடும்? பலர் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் கூலிகளாக ஏறினார்கள். அங்கே 'இந்தியக் கூலி', இங்கே 'சிலோன்காரன்'. பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டால், பூர்வீகத்துக்கு ஆதாரம் கொண்டு வா என்றார்கள். மூன்று தலைமுறைக்கு முன் விட்டுப்போன ஊரின் ஆதாரத்துக்கு எங்கே போவது? நம் தாலுகா அலுவலகங்களைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இப்போது எண்களுக்கு வருவோம். இலங்கையின் புள்ளிவிவரத் துறையிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு: நகரம், கிராமம், தோட்டம் என மூன்றாகப் பிரித்தே கணக்கு எடுக்கும். 2016 ஆய்வின்படி, வயதுக்கேற்ற உயரம் வளராத, 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் இலங்கை முழுவதும் 17 சதவீதம், தோட்டங்களில் மட்டும் 32 சதவீதம். 2015-16இல் இந்தியாவின் சராசரி 38, தமிழ்நாட்டின் சராசரி 27, இந்தியப் பட்டியல் சாதிக் குழந்தைகளில் சுமார் 43.

இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் பார்க்க வேண்டும். லயத்துக் குழந்தை சராசரி இந்தியக் குழந்தையை விட மேல், இந்திய தலித் குழந்தையை விட நன்றாகவே மேல். வாக்கு திரும்பக் கிடைத்த பிறகு அரசு ஆஸ்பத்திரியும் பள்ளியும், தாமதமாகவேனும், மலையேறியதற்கு அதில் பங்குண்டு. அதே குழந்தை சராசரித் தமிழ்நாட்டுக் குழந்தையை விடக் கீழ். 'இலங்கையா இந்தியாவா' என்று விவாதிப்பவர்கள் 78ஐயும் 134ஐயும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். 32ஐயும் 43ஐயும் அவர்கள் தொடுவதில்லை. இலங்கைக் கணக்கில் 'தோட்டம்' என்ற பத்தி உண்டு, சாதி என்ற பத்தி கிடையாது. அதனால் தோட்டத்துக்குள் யார் எவ்வளவு கீழே என்பதை அங்கே கண்டுபிடிக்கவே முடியாது.

நாடற்றவர்களாக எஞ்சியிருந்தோருக்கு 2003 சட்டம் இலங்கைக் குடியுரிமை தந்தது. ஆனால் இன்றும் ஏராளமான குடும்பங்கள் 10க்கு 12 அடிக் காம்பராவில், பத்திரமில்லாமல் இருக்கின்றன. இந்தப் பக்கம், தாயகம் திரும்பியவர்களுக்காகவே தொடங்கிய டேன்டீயில் வேலை இருக்கும்வரைதான் குடியிருப்பு. 2022இல் அதன் 2,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தை வனத்துறைக்குத் திருப்பித் தர தமிழக அரசு முடிவெடுத்தபோது, கூடலூர், பந்தலூர் பக்கத் தொழிலாளர்கள் கேட்டது ஒன்றைத்தான்: நாங்கள் இனி எங்கே போவது?