மூர்த்தி சிறிது, விலை பெரிது: பென்ஸ் 190இன் வரலாறு

ஆடம்பரம் என்ற சொல்லோடு அளவும் ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. பெரிய வீடு, பெரிய வாயில், பெரிய வாகனம் என்பனவே செல்வத்தின் அடையாளங்கள். அவ்வாறாயின், ஒரு பொருளைச் சிறிதாக்கி, அதன் பின்னரும் அதனை உயர்ந்ததென்று விற்க முடியுமா? விற்பதானால், வாங்குபவன் கொடுக்கும் கூடுதல் பணத்துக்கு ஈடாக அவனுக்குக் கிடைப்பது எது? வணிகத்தைச் சார்ந்தது போலத் தோன்றும் இக்கேள்வி, கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகின் பெரிய மோட்டார் நிறுவனங்கள் சிலவற்றின் தலைவிதியையே தீர்மானித்தது. அதற்கு அளிக்கப்பட்ட விடைகளுள் மிகவும் நிதானமானதும் பிடிவாதமானதும், 1982 டிசம்பரில் மேர்சிடிஸ் பென்ஸ் வெளியிட்ட 190 என்னும் சிறிய செடான் காராகும். அதன் நிறைகளையும் குறைகளையும் வரலாற்றின் ஒளியில் சீர்தூக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னோடிகள்

சிறிய உருவில் உயர்தரம் என்ற எண்ணம் மேர்சிடிஸ் நிறுவனத்தில் பிறந்ததன்று. வட ஜேர்மனியின் பிறேமன் நகரில் கார்ள் போர்க்வார்ட் என்பவர் நடத்திய தொழிற்சாலை, 1954இல் இசபெல்லா என்ற காரை வெளியிட்டது. ஒன்றரை லீற்றர் எஞ்சின் கொண்ட நடுத்தர அளவிலான அந்தக் கார், அழகிய தோற்றத்தாலும் நேர்த்தியான வேலைப்பாட்டாலும் மத்தியதர வகுப்பினரின் கனவாக விளங்கியது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட இசபெல்லாக்கள் உற்பத்தியாகின. ஆனால் பல வகைக் கார்களை ஒரே காலத்தில் தயாரிக்க முற்பட்டுப் பணநெருக்கடிக்குள் சிக்கிய போர்க்வார்ட் நிறுவனம், 1961இல் வீழ்ந்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையிழந்தனர். இரண்டு ஆண்டுகளின் பின்னர் போர்க்வார்ட்டும் மறைந்தார்.

அந்த வெற்றிடத்தை நிரப்பியது மியூனிக்கின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம். 1961இல் பிராங்போர்ட் கண்காட்சியில் அது காட்சிப்படுத்திய 1500 என்ற செடான், சாரதிக்கு உற்சாகம் தரும் சிறிய உயர்தரக் கார் என்ற வகைக்கே இலக்கணம் வகுத்தது. இதில் ஒரு முரண்நகை உண்டு. 1959 டிசம்பரில் நலிவுற்றிருந்த பி.எம்.டபிள்யூ.வைத் தன்வசப்படுத்த முனைந்தது மேர்சிடிஸ் கார்களைத் தயாரித்த டைம்லர்-பென்ஸ் நிறுவனமே. சிறிய பங்குதாரர்கள் கிளர்ந்தெழுந்து அம்முயற்சியைத் தோற்கடித்தனர். ஹேர்பேர்ட் குவான்ட் முதலிட முன்வந்தமையால் பி.எம்.டபிள்யூ. பிழைத்தது. அதுபோலவே, பின்னாளில் அவுடி என்ற பெயரில் எழுச்சி பெற்ற அவுட்டோ யூனியன் நிறுவனமும் 1958 முதல் சில ஆண்டுகள் டைம்லர்-பென்ஸின் கையிலேயே இருந்தது. சிறிய கார்களில் அக்கறையற்ற டைம்லர்-பென்ஸ் அதனை 1960களின் நடுப்பகுதியில் வொக்ஸ்வாகனுக்கு விற்றுவிட்டது. தான் கைநழுவவிட்ட இரண்டு நிறுவனங்களே பிற்காலத்தில் சிறிய உயர்தரக் கார்ச் சந்தையில் தன் முன் வந்து நிற்கும் என்பதை ஸ்ருட்கார்ட் நகரத்துக் கனவான்கள் அன்று எண்ணியிருக்கமாட்டார்கள்.

எண்ணெயும் சட்டமும்

1973இல் அரபு நாடுகள் விதித்த எண்ணெய்த் தடை எல்லாவற்றையும் மாற்றியது. அவ்வாண்டு நவம்பர் 25 முதல் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் மேற்கு ஜேர்மனியில் கார்கள் ஓடுவது தடைசெய்யப்பட்டது. வேகத்துக்குப் பேர்போன நெடுஞ்சாலைகளில் மக்கள் நடந்தும் சைக்கிளிலும் சென்றனர். 1975இல் அமெரிக்கா இயற்றிய எரிசக்திச் சட்டம், ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் கார்கள் அனைத்தினதும் சராசரி எரிபொருள் சிக்கனத்துக்கு அளவு நிர்ணயித்தது. 1978இல் கலனுக்கு 18 மைல் எனத் தொடங்கிய அவ்வளவு, 1985இல் 27.5 மைலாக உயரவேண்டும் என்பது விதி. பெரிய கார்களை மட்டும் விற்று அமெரிக்கச் சந்தையில் நிலைத்திருக்க முடியாதென்பது தெளிவாயிற்று. அதே ஆண்டில் பி.எம்.டபிள்யூ. தனது முதலாவது 3 வரிசைக் காரை வெளியிட்டு முந்திக்கொண்டது.

நெருக்கடி பொதுவானது. ஆனால் அட்லான்டிக் கடலின் இரு கரைகளிலும் அதற்கு அளிக்கப்பட்ட விடைகள் வேறானவை.

அமெரிக்காவின் ஆடம்பரச் சின்னமான கடிலாக், 1981இல் சிமறோன் என்ற சிறிய காரை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஜெனரல் மோட்டர்ஸின் மலிவு விலைக் காரான ஷெவ்றலே கவலியரின் உடலையும் எஞ்சினையும் எடுத்து, தோல் ஆசனங்களையும் கடிலாக் சின்னத்தையும் பொருத்தினார்கள். 1.8 லீற்றர் எஞ்சினின் வலு 88 குதிரைவலு மாத்திரமே. 1914இன் பின்னர் நான்கு உருளை எஞ்சினுடன் வெளிவந்த முதலாவது கடிலாக் அதுவாகும். பக்கத்து வீட்டுக்காரன் குறைந்த விலைக்கு வாங்கிய காரே தன் வாசலிலும் கூடுதல் விலையில் நிற்கிறதென்பதை வாங்கியவர்கள் விரைவில் கண்டுகொண்டார்கள். ஏழு ஆண்டுகளில் ஏறத்தாழ 1,32,000 கார்களே விற்பனையாகின. 1988இல் சிமறோன் கைவிடப்பட்டது. கடிலாக்கின் பெயருக்கு ஏற்பட்ட களங்கம் அதன் பின்னரும் நெடுங்காலம் நீடித்தது.

ஸ்ருட்கார்ட்டின் விடை

மேர்சிடிஸ் பொறியியலாளர்கள் எதிர்த்திசையில் சென்றார்கள். பெரிய காரின் பண்புகள் எவையும் குறையாமல் அதன் உருவத்தை மட்டும் எவ்வாறு சுருக்குவது என்பதே அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட கணக்கு. விளைந்த 190, அன்றைய நடுத்தர மேர்சிடிஸைக் காட்டிலும் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் நீளம் குறைந்தது. 4.42 மீற்றர் நீளமும் 1.68 மீற்றர் அகலமும் கொண்ட அந்தக் காரின் எடை ஏறத்தாழ 1,100 கிலோகிராம். எடையைக் குறைத்தும் மோதலைத் தாங்கும் வலிமையைப் பேணுவதற்கு உயர்வலு உருக்கைப் பயன்படுத்தினார்கள்.

அதன் மிகப் பெரிய சாதனை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. பின்சில்லு ஒவ்வொன்றையும் ஐந்து தனித்தனிக் கரங்கள் பற்றிநிற்கும் புதிய அமைப்பை அவர்கள் வகுத்தார்கள். பல மாதிரிகளைச் செய்து பரிசோதித்த பின்னரே இறுதி வடிவம் எட்டப்பட்டது. ஒவ்வொரு கரமும் சில்லின் ஓர் அசைவை மட்டும் கட்டுப்படுத்துவதால், வளைவிலும் பிரேக் பிடிக்கையிலும் சில்லு நிலத்தோடு சரியான கோணத்தில் நிற்கும். அதேவேளை மேடுபள்ளங்களின் அதிர்வு உள்ளே இருப்பவரை எட்டாது. ஓட்டத்தில் உறுதி, இருப்பதில் சுகம் என்னும் ஒன்றுக்கொன்று முரணான இரண்டையும் இவ்வமைப்பு இணக்கியது. பின்னர் பெரிய மேர்சிடிஸ் கார்களுக்கும் அது சென்றது. சிறியதிலிருந்து பெரியது கற்றுக்கொண்ட அரிய நிகழ்வு அது எனலாம்.

வெளித்தோற்றத்தை வடிவமைத்த குழுவின் தலைவர், இத்தாலியின் ஊடின நகரிற் பிறந்து ஜேர்மனியில் வாழ்ந்து 2024இல் மறைந்த புருனோ சாக்கோ. குரோமியப் பளபளப்புகளைக் குறைத்து, காற்றைக் கிழித்துச் செல்லும் ஆப்புப் போன்ற வடிவத்தை அவர் அளித்தார். காற்றுத்தடைக் குணகம் 0.33 என்ற அளவுக்கு இறங்கியது. முப்பது ஆண்டுகளுக்கு முந்திய மேர்சிடிஸும் முப்பது ஆண்டுகளுக்குப் பிந்திய மேர்சிடிஸும் ஒரே குடும்பத்தவை என அறியப்படவேண்டும் என்பது அவரது கொள்கை. அதனாற்போலும், இன்றும் ஒரு 190 தெருவிற் செல்லும்போது அது முதியதாகத் தெரிகிறதேயன்றிப் பழையதாகத் தெரிவதில்லை.

குறைகளின் பட்டியல்

இத்தனை சிறப்புகளும் இருந்தும் 190 குறையற்றதென்று கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. முதலாவது குறை, பின் ஆசனம். முன்னால் இருப்பவர் உயரமானவராயின், பின்னால் இருப்பவரின் முழங்கால்களுக்கு இடமில்லை. குடும்பத்துடன் செல்பவருக்கு இது சிறிய குறையன்று. 1988இல் ஆசனங்களின் வடிவத்தை மாற்றிச் சிறிது இடம் தேடிக்கொடுத்தார்களேனும் அடிப்படை மாறவில்லை.

இரண்டாவது, விலைப்பட்டியலின் கருமித்தனம். அடிப்படை விலையே உயர்வு. அதற்குக் கிடைத்தது நான்கு கியர்களே. ஐந்தாவது கியருக்குத் தனிப்பணம். மின்விசையில் இயங்கும் கண்ணாடிகள், குளிரூட்டி, சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிப்பணம். தொடக்க ஆண்டுகளில் பவர் ஸ்டியரிங்குக்குக்கூடத் தனியே செலுத்தவேண்டியிருந்தது. பொனெற்றின் மேல் மூன்று முனை நட்சத்திரத்தைச் சுமந்துகொண்டு, கையாற் சுழற்றிக் கண்ணாடி இறக்கும் ஆடம்பரக் காரை வேறெங்கும் காண்பதரிது.

மூன்றாவது, வலுக்குறைவு. காபரேற்றர் பொருத்திய 190இன் வலு 90 குதிரைவலு. 1983இல் வந்த 190 டீசலின் வலுவோ 72 மாத்திரமே. எஞ்சினைச் சுற்றிலும் கூடுபோல் மூடி அதன் சத்தத்தை அடக்கியமையால் அந்த டீசல் பெரும் புகழ் பெற்றது. ஆனால் மேட்டில் ஏறும்போது அந்தப் புகழ் துணைக்கு வரவில்லை. நான்காவது, பராமரிப்பு. இரு பக்கமும் சேர்த்துப் பத்துக் கரங்கள் என்றால், அவற்றின் மூட்டுகளில் உள்ள றப்பர்கள் தேயும்போது பத்துக் கரங்களுக்கும் செலவு. தொடக்ககாலப் பெற்றோல் எஞ்சின்களில் இருந்த ஒற்றை வரிசை டைமிங் சங்கிலி கவலைக்குரியதாகவும் இருந்தது.

இக்குறைகளை எண்ணிப் பார்க்கையில் ஓர் உண்மை புலப்படும். 190இன் குறைகள் யாவும் அதன் நிறைகள் பிறந்த அதே இடத்திலிருந்து பிறந்தவை. பணத்தைக் கண்ணுக்குத் தெரியாத உருக்கிலும் கரங்களிலும் செலவிட்டார்கள். ஆகவே கண்ணுக்குத் தெரியும் வசதிகளுக்கு வாங்குபவனிடம் மீண்டும் கையேந்தினார்கள். சிமறோன் இதற்கு நேர்மாறு. அதில் கண்ணுக்குத் தெரிந்தவை யாவும் இருந்தன, தெரியாதவை இருக்கவில்லை. அமெரிக்காவில் 190இன் விலை சிமறோனின் விலையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. இருந்தும் வாங்கியவர்கள் ஏமாற்றப்பட்டதாக எண்ணவில்லை.

பெயர் மாறிய விதம்

வெளிவந்த காலத்தில் "குழந்தை பென்ஸ்" என்று செல்லமாகவும் கேலியாகவும் அழைக்கப்பட்ட இக்காரின் மதிப்பை உயர்த்தியவை இரண்டு நிகழ்வுகள். 1983 ஓகஸ்டில் இத்தாலியின் தென்பகுதியிலுள்ள நார்டோ வட்டப்பாதையில், பிரித்தானியாவின் கொஸ்வேர்த் நிறுவனத்தின் துணையோடு உருவாக்கப்பட்ட 16 வால்வு எஞ்சின் பொருத்திய 190 கார்கள் 50,000 கிலோமீற்றர் ஓடின. 201 மணி 39 நிமிடங்களில், சராசரியாக மணிக்கு ஏறத்தாழ 248 கிலோமீற்றர் வேகத்தில் அத்தூரம் கடக்கப்பட்டது. எட்டு இரவும் எட்டுப் பகலும் தாண்டிய அவ்வோட்டம் உலக சாதனைகளாகப் பதியப்பட்டது.

அடுத்த ஆண்டு மே 12ஆம் திகதி, நூர்பேர்க்ரிங்கின் புதிய ஓட்டத்திடல் திறந்துவைக்கப்பட்டபோது, அக்காலத்தின் பெயர்பெற்ற ஓட்டவீரர்கள் பலருக்கும் ஒரே வகையான 190 கார்கள் வழங்கப்பட்டன. கார் ஒன்றேயாதலால் திறமை மட்டுமே வெல்லும் போட்டி அது. உலக வீரர் நிக்கி லவுடாவைப் பின்தள்ளி முதலாவதாக வந்தவர், அவ்வாண்டுதான் போர்முலா வண் களத்தில் காலடி வைத்திருந்த 24 வயதுப் பிரேசில் இளைஞர் அயர்டன் சென்னா. சிறியதென எண்ணப்பட்ட காரில், சிறியவரென எண்ணப்பட்டவர் வென்றார்.

முடிவும் அதன் பின்னரும்

1993இல் உற்பத்தி நிறுத்தப்படும்வரை ஏறத்தாழ 18 இலட்சத்து 80 ஆயிரம் 190 கார்கள் வெளிவந்தன. அவற்றுட் பெரும் பங்கு உருவான இடம் எது தெரியுமா? பிறேமன் நகரம். 1961இல் போர்க்வார்ட் வீழ்ந்தபோது தொழிலாளர் கண்ணீரோடு வெளியேறிய அதே செபால்ட்ஸ்புறூக் வளாகத்தை, கைகள் மாறி இறுதியில் பெற்றுக்கொண்ட டைம்லர்-பென்ஸ், அங்கேதான் 190இன் இரண்டாவது தொழிற்சாலையை அமைத்தது. இசபெல்லா பிறந்த மண்ணில் அதன் எண்ணம் மறுபிறவி எடுத்தது.

190இன் இடத்தை சி வகுப்பு என்ற பெயருடன் புதிய கார் நிரப்பியது. ஆயினும் காலம் மாறியிருந்தது. 1989இல் ஜப்பானின் டொயோட்டா, லெக்சஸ் என்ற பெயரில் குறைந்த விலையில் நிறைந்த வசதியைத் தந்து ஜேர்மனியரைத் திகைக்க வைத்தது. முதலில் காரைச் செய்து பின்னர் விலை குறிக்கும் பழைய வழக்கத்தைக் கைவிட்டு, சந்தை தரும் விலையிலிருந்து பின்னோக்கிச் செலவைக் கணிக்கும் முறைக்கு மேர்சிடிஸ் மாறியது. வசதிகள் பெருகின. பின் ஆசனத்தில் இடம் கூடியது. 1990களின் நடுவிலிருந்து மேர்சிடிஸ் கார்களில் துருப்பிடிக்கும் முறைப்பாடும் பரவலாக எழுந்தது.

ஆகவே இறுதிக் கணக்கு என்ன? ஒரு சிறிய ஆடம்பரக் காரை வாங்குபவன், இடத்தை இழந்து தரத்தைப் பெறுகிறான் என்பதே 190 முன்வைத்த உடன்படிக்கை. அதில் ஒளிவுமறைவு இருக்கவில்லை. குறைகள் யாவும் முதல் நாளிலேயே கண்முன் தெரிந்தன. நிறைகள் ஆண்டுகள் செல்லச் செல்லத் தெரிந்தன. இன்று அளவான ஆடம்பரக் கார்கள் எல்லா நிறுவனங்களிடமும் உண்டு. அகன்ற திரைகளும் மின்னும் விளக்குகளும் நிறைந்த அவற்றில், முதல் நாளிலேயே நிறைகள் அனைத்தும் கண்ணைப் பறிக்கின்றன. குறைகள் எப்போது தெரியவரும் என்று கேட்டறிந்த பின்னர் பணப்பையைத் திறப்பது, வாங்குபவருக்கு நல்லது.