ஏரிக்கரையில் இருந்த ஊர்கள்

ஸ்கொட்லாந்து என்றவுடன் எங்கட ஆக்களுக்கு முதலில் ஞாபகம் வருவது பிஸ்கட் பெட்டியில் இருக்கிற படம்தான். மலை, மலைக்குக் கீழே ஏரி, கரையில் பைன் மரங்கள். அந்த ஏரியை அவர்கள் ‘லொக்’ என்று சொல்லுவார்கள். இலங்கை மலைநாட்டில் கட்டுக்கித்துலப் பக்கம் ‘கிளன்லொக்’ என்று ஒரு தேயிலைத் தோட்டம் இருக்கிறது அல்லவா? அந்த லொக்கும் இதுதான். ஸ்கொட்லாந்துத் துரைமார் தங்கட ஊர்ப் பெயரையும் கையோடு கொண்டு வந்தார்கள்.

வடக்கு மலைநாட்டுக்கு ‘ஹைலண்ட்ஸ்’ என்று பெயர். கோடை லீவுக்கு வான் பிடித்துப் போய், காட்டுப் பாதையில் நடந்து, ஏரியைப் பின்னுக்கு விட்டுப் படம் எடுத்துக்கொண்டு வந்த குடும்பங்கள் எங்களுக்குள்ளும் இருக்கின்றன. அந்தப் படங்களை ஒருக்கால் எடுத்து வடிவாகப் பாருங்கோ. மலை இருக்கும், தண்ணி இருக்கும், ஆடு இருக்கும். சனம் இருக்காது.

குளிர் தேசம், கல்லு நிலம், அதனால்தான் ஆளில்லை என்று பலர் சொல்லுவார்கள். எல்லா இடத்திலும் அது உண்மையில்லை. பல பள்ளத்தாக்குகளில் சனம் இருந்தது. எழுப்பி விட்டார்கள். அப்படிப்பட்ட ஒரு பள்ளத்தாக்கான ஸ்ராத்நேவரைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

இன்வர்னஸ் நகரத்தில் இருந்து வடக்கே லெயர்க் போய், அங்கிருந்து ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய ஒடுக்கமான ரோட்டில் ஓல்ற்னஹாரா என்ற சின்ன இடத்துக்கு வரவேண்டும். அதற்கப்பால் ஆறு மைல் நீளத்துக்கு லொக் நேவர். தெற்கே 962 மீற்றர் உயரமான கிளிபிரெக் மலை தண்ணிக்குள் தலைகீழாகத் தெரியும். வடக்குக் கரையால் ரோட்டுப் போகிறது. அந்தக் கரையில் கிரம்மோர், கிரம்பெக் என்று இரண்டு ஊர்கள் இருந்தன. அவர்களுடைய கேலிக் மொழியில் ‘மோர்’ என்றால் பெரிது, ‘பெக்’ என்றால் சிறிது. எங்கட பக்கமும் பெரிய, சின்ன என்று சேர்த்து ஊர்களுக்குப் பெயர் வைக்கிறோம்தானே. இன்று அங்கே புல் மூடிய கல் வரிசைகள் மட்டும் கிடக்கின்றன.

ஏரி முடிந்து ஆறு தொடங்கி, இன்னும் கொஞ்சம் கீழே போனால் சயர் என்ற இடம். அதற்குக் கிட்ட வனத்திணைக்களத்துக் காட்டுக்குள் ஒரு நடைபாதை இருக்கிறது. இரு பக்கமும் சிற்கா ஸ்புரூஸ் மரங்கள், வெளிச்சம் குறைவு. அந்த மரம் ஸ்கொட்லாந்து மரம் இல்லை, வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்து வந்தது. (இங்கத்தைய சனம் கப்பல் ஏறி அமெரிக்கக் கண்டத்துக்குப் போனது, மரம் அங்கிருந்து இங்கே வந்தது!) நடந்து போக, திடீரென்று காடு விலகி ஒரு பெரிய புல்வெளி. அதுதான் ரோசல் கிராமம். 1962 இல், மரம் நடுவதற்கு முன்னர், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹொறஸ் பெயர்ஹேர்ஸ்ற் என்பவர் அகழ்வாய்வு செய்தார். எழுபது வரையான கட்டடங்களின் அடையாளம் கிடைத்தது. நீளமான வீடுகள், ஒரு பக்கம் மனிதர், மறுபக்கம் மாடு, மேலே ஒரே கூரை. தானியம் காயவைக்கும் சூளையும் இருந்தது. அதனால்தான் அந்த நிலத்தில் மரம் நடாமல் விட்டிருக்கிறார்கள்.

அந்த வீட்டில் விலைமதிப்பான பொருள் கூரைமரம்தான். சுவர் கல்லும் புற்கட்டியும், அதை எங்கேயும் கட்டலாம். மரம் அந்த நாட்டில் அருமை. வேறிடம் போகிறவன் கூரைமரத்தைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போவான். ஆகவே ஒருவன் திரும்பி வரக்கூடாது என்றால் கூரையை எரிக்கவேண்டும். அதைத்தான் செய்தார்கள்.

காணி முழுவதும் சதர்லண்ட் சீமாட்டி எலிசபெத்துக்குச் சொந்தம். அவருடைய கணவர் ஸ்ரபர்ட் பிரபு இங்கிலாந்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். சனம் தலைமுறை தலைமுறையாக இருந்தாலும் உறுதி கிடையாது, குடியிருப்புத்தான். அந்த நேரம் ஆட்டு மயிருக்கு நல்ல விலை. சிறு குடியானவர்கள் நூறு பேரிடம் வாடகை வாங்குவதை விட, செவியட் ஆடு வளர்க்கும் ஒருவனிடம் வாங்குவது லாபம். 1813 டிசெம்பரில் ஸ்ராத்நேவரில் ஒரு பெரிய ஆட்டுப்பண்ணை குத்தகைக்கு விடப்பட்டது. அதை எடுத்தவர் பற்றிக் செல்லர். அவரே சீமாட்டியின் காணி அதிகாரி! சனத்தை எழுப்புகிறவரும் அவர், எழுப்பிய நிலத்தில் ஆடு விடுகிறவரும் அவர். இந்த ஒழுங்கு எங்களுக்குப் புதிதில்லை.

1814 யூனில் வீடுகளை எரித்தார்கள். வில்லியம் சிசம் என்பவரின் வீட்டில் மார்கிரற் மக்கே என்ற மிகவும் வயதான மாமியார் படுக்கையில் கிடந்தார். அவரைத் தூக்கி வெளியே கொண்டு வந்தார்கள், ஐந்து நாளில் இறந்துவிட்டார். செல்லர் மீது வழக்கு வந்தது. 1816 ஏப்ரல் 23 ஆம் திகதி இன்வர்னசில் விசாரணை. யூரிகள் பெரும்பாலும் காணி, பணம் உள்ளவர்கள். குற்றவாளி இல்லை என்று விட்டுவிட்டார்கள். அவரைப் பிடித்து உள்ளே போட்ட அதிகாரி மக்கிட்தான் கடைசியில் பதவியையும் இழந்து மன்னிப்புக் கடிதமும் எழுதினார்.

செல்லர் கூட்டாக எல்லாவற்றுக்கும் பொறுப்பா என்று இன்றும் ஆராய்ச்சியாளர்கள் விவாதிக்கிறார்கள். சீமாட்டி ரோட்டும் பாலமும் போட்டார், முன்னேற்றம் கொண்டு வந்தார் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. ரோட்டுப் போட்டது உண்மை. ரோட்டால் நடக்க ஆளில்லை என்பதும் உண்மை. இந்த முன்னேற்றத்தைப் புகழ்ந்து 1820 இல் ஒரு புத்தகமே எழுதிய பெரிய அதிகாரியின் பெயர் ஜேம்ஸ் லொக். பெயரைப் பாருங்கோ!

இன்னொன்று. 1799 இல் சதர்லண்ட் சீமையில் இளைஞர்களைத் திரட்டி 93 ஆம் படைப்பிரிவை உருவாக்கியிருந்தார்கள். வீடுகள் எரிந்து ஏழு மாதம் கழித்து, 1815 ஜனவரியில், அந்தப் படை அமெரிக்காவின் நியூ ஓர்லியன்சில் அரசனுக்காகச் சண்டை போட்டு நூற்றுக்கணக்கில் விழுந்தது.

1819 இல் மீண்டும் எரிப்பு. கிரம்மோரும் அப்போதுதான் போனது. ரோசலில் பிறந்த கல்மேசன் டொனால்ட் மக்லியோட் இரவு பதினொரு மணியளவில் ஒரு மேட்டில் ஏறி, எரிகிற வீடுகள் 250 வரை எண்ணியதாக எழுதினார். இவர் பெரிய படிப்பாளி இல்லை, கல்லுக் கொத்துகிறவர். 1840, 41 ஆம் ஆண்டுகளில் எடின்பரோப் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். பிறகு கனடாவுக்குப் போனார். ‘அங்கிள் ரொம்ஸ் கபின்’ எழுதிய அமெரிக்க எழுத்தாளர் ஹரியற் பீச்சர் ஸ்ரோவ், சதர்லண்ட் குடும்பத்தின் விருந்தாளியாக இருந்து அவர்களைப் புகழ்ந்து எழுதியதைப் பார்த்து, 1857 இல் பதில் புத்தகம் வெளியிட்டார். ரோசலுக்கு எதிர்ப்புறம் ரோட்டுக்கரையில் அவருக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. வேலை முடிந்து வந்து எழுதுகிற எங்களைப் போன்ற ஆக்கள் அதில் ஒருக்கால் நின்று பார்க்கலாம்.

சனம் எங்கே போனது? பலர் வடக்குக் கடற்கரைக்கு. உழுத மனிதருக்குச் சின்னத் துண்டுக் காணியும் கடலும் கொடுத்து மீன் பிடி என்றார்கள். அங்கே பெற்றிஹில் என்று ஒரு ஊர் எழும்பியது. சீமாட்டியின் செல்லப் பெயரைத்தான் வைத்தார்கள். பக்கத்துக் கில்டோனன் பள்ளத்தாக்கில் இருந்து 1813 இல் ஒரு பகுதியினர் கனடாவின் செங்காற்றங்கரைக்குப் போனார்கள். இன்றைய வினிப்பெக் அந்த இடம். 2007 இல் ஹெம்ஸ்டேலில் வைத்த ‘நாடு நீங்கியோர்’ சிலை போல இன்னொன்று வினிப்பெக்கிலும் நிற்கிறது.

அறுபத்தொன்பது வருடங்களுக்குப் பிறகு, 1883 இல், குடியானவர்களின் குறை கேட்க நேப்பியர் ஆணைக்குழுவை அரசாங்கம் அனுப்பியது. யூலையில் அது பெற்றிஹில்லில் இருந்தது. அங்கஸ் மக்கே என்ற கிழவர் சாட்சி சொன்னார். 1814 இல் அவருக்குப் பத்துப் பதினொரு வயது. தாய் தகப்பன் மாடுகளைச் சாய்த்துக்கொண்டு முன்னே போய்விட்டார்கள், பிள்ளைகள் வீட்டில் நித்திரை. ஒரு பெண் ஓடி வந்து, செல்லர் எரித்துக்கொண்டு வருகிறார், எழும்புங்கோ என்றார். பெடியன் தம்பியை முதுகில் ஏற்றிக்கொண்டு ஆற்றில் இறங்கினான். தண்ணி முதுகில் பட்டதும் சின்னவன் குழறிக் கழுத்தை இறுக்கிப் பிடிக்க, இருவரும் விழுந்தார்கள். எழும்ப முடியவில்லை. பிள்ளைகளோடு அந்தப் பக்கம் வந்த ஒரு ஏழைப் பெண் குதித்து இரண்டு பேரையும் வெளியே எடுத்தாள்.

நந்திக்கடலால் வந்த ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அந்தக் கிழவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அரசாங்க அறிக்கையில் அச்சாகி இன்றும் நூலகங்களில் இருக்கிறது. ஏழைப் பெண்ணின் பெயர் மட்டும் இல்லை.

1886 இல் குடியானவர் சட்டம் வந்தது. நினைத்தபடி எழுப்ப முடியாது, வாடகைக்கு வரம்பு என்று ஆனது. பறித்த பள்ளத்தாக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சயர் பக்கம் கொஞ்சக் குடும்பங்களுக்குக் காணி கிடைத்தது, அவ்வளவுதான்.

போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: 2003 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஸ்கொட்லாந்தில் ஒழுங்காக நடந்துகொண்டால் யாருடைய காணியிலும் நடக்கலாம், கேட்கத் தேவையில்லை. ரோசலைச் சுற்ற அவசரமில்லாமல் இரண்டு மணித்தியாலம். கல்லுகளில் பிள்ளைகளை ஏறவிடாதேங்கோ, அது ஆரோ ஒருவருடைய வீடு. யூன் தொடக்கம் ஓகஸ்ட் வரை ‘மிட்ஜ்’ என்ற பொடிப் பூச்சி பிய்த்துத் தின்னும், மே மாதம் நல்லது. வழியில் கடைகளை நம்ப முடியாது, புட்டோ இடியப்பமோ கட்டிக்கொண்டு போங்கோ.