கொடைக்கானல் ஏரியும் சுற்றுலாத்தலத்தின் தோற்றமும்

கொடைக்கானல் ஏரி, திண்டுக்கல் மாவட்டத்தில் பழனி மலையின் மேல்தளத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் உள்ள செயற்கை ஏரியாகும். இதை இயற்கை ஏரி என்றே பலரும் எண்ணுகின்றனர். என் மாணவர்களும் தேர்வுத் தாள்களில் ஆண்டுதோறும் அப்படித்தான் எழுதினர்.

இம்மலைகளில் பளியர் தொன்றுதொட்டு வாழ்ந்து வருகின்றனர். தாண்டிக்குடிப் பகுதியிலுள்ள கற்திட்டைகள் பெருங்கற்கால மக்களின் இருப்பைக் காட்டுகின்றன. பூம்பாறை, வில்பட்டி போன்ற ஊர்களில் பிற்காலத்தில் வந்து குடியேறிய குன்னுவர் வேளாண்மை செய்தனர். 1821-இல் பி. எஸ். வார்டு என்னும் ஆங்கிலேய அதிகாரி இப்பகுதியை நில அளவை செய்தார். எனவே வெள்ளையர் "கண்டுபிடித்த" ஊர் என்று கூறுவது சரியன்று.

மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மதப்பணியாளர்களும் அவர்கள் குடும்பத்தாரும் நோயால் அடுத்தடுத்து இறந்தனர். குளிர்ந்த இடம் தேடி அவர்கள் முதலில் சிறுமலைக்குச் சென்றனர். அங்கும் காய்ச்சல் விடவில்லை. அதன் பின்னரே 1845-இல் கொடைக்கானலில் இரு பங்களாக்களைக் கட்டினர். ஆக, இன்று பொழுதுபோக்கிற்காக நாம் செல்லும் ஊர், உயிர் பிழைப்பதற்கான புகலிடமாகத் தொடங்கியது.

மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் சதுப்பான பள்ளத்தில் ஓடைகளைத் தடுத்துக் கரை எழுப்பினார். சுமார் 60 ஏக்கர் பரப்பில், நட்சத்திர வடிவில் நீர் தேங்கியது. முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்தது. படகுக் கழகம் 1890-இல் தொடங்கப்பட்டது. மலைச்சாலையில் பேருந்துகள் நின்று செல்லும் வெள்ளி நீர்வீழ்ச்சியும் இந்த ஏரியிலிருந்து வழியும் நீரே. செங்குத்தான சரிவின் விளிம்பையொட்டிய கோக்கர்ஸ் வாக் என்னும் நடைபாதை 1872-இல் அமைந்தது. சூரிய ஆய்வகம் 1899-இல் வந்தது. 1909-இல் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வளிமங்கள் நகரும் விதத்தை இங்குதான் கண்டறிந்தார்.

அந்நாளில் இவ்வூருக்குச் சாலை கிடையாது. 1875-இல் ரயில் வந்தபின், பயணிகள் அம்மையநாயக்கனூரில் இறங்கினர். இன்றைய கொடைரோடு நிலையம் அதுவே. அங்கிருந்து மாட்டு வண்டியில் அடிவாரத்திலுள்ள கிருஷ்ணம்மநாயக்கன் தோப்புக்கு வந்து, பிறகு ஒற்றையடிப் பாதையில் ஏறினர். நடக்க இயலாதோரும் நடக்க விரும்பாதோரும் டோலியிலும் நாற்காலியிலும் அமர்ந்து சென்றனர். அவர்களைச் சுமந்தவர்கள் கூலியாட்கள். பியானோ முதல் பெட்டி படுக்கை வரை எல்லாம் தோள்மேலும் தலைமேலும்தான் ஏறின. லெவிஞ்சுக்கு நினைவுச் சின்னம் உண்டு. சுமந்தவர்களில் ஒருவர் பெயரும் எந்தக் கல்லிலும் நான் பார்த்ததில்லை. வத்தலக்குண்டு வழியான மலைச்சாலை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தபின் டோலிகள் மறைந்தன.

சாலை வந்ததும் மலையின் தோற்றம் மாறியது. இங்குள்ள இயற்கைத் தாவர அமைப்பு, பள்ளங்களில் சோலைக்காடும் மேடுகளில் புல்வெளியுமாகும். புல்வெளிகளில் சீகை, யூக்கலிப்டஸ், பைன் ஆகிய அயல் மரங்கள் நடப்பட்டன. பயணிகள் விரும்பிப் படமெடுக்கும் பைன் காடு இவ்வகையைச் சேர்ந்தது. மழைநீரை உறிஞ்சி வைத்து ஓடைகளுக்கு மெல்லக் கசியவிடுவது அந்தப் புல்வெளியே. அது குறையக் குறைய, ஓடைகளை நம்பிய ஊர்களுக்கும் ஏரிக்கும் நீர்வரத்து சுருங்குகிறது.

வாகன நெரிசலைக் கட்டுப்படுத்த, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் செல்வோர் இ-பாஸ் பெற வேண்டும்.