கோவில்பட்டிப் பண்ணையும் தேரிக்காட்டுத் தோட்டமும்

தூத்துக்குடின்னு சொன்னா டவுன்ல இருக்கிற உங்களுக்கு முத்தும் உப்பும் மக்ரூனும்தான் ஞாபகம் வரும். முத்துக்குளிப்பு 1961-ஓட நின்னு போச்சு. அதுக்கு ரொம்ப முன்னாடியே இந்தத் துறைமுகத்துல பெரிய சரக்கு பஞ்சுதான். 1861-ல அமெரிக்காவுல உள்நாட்டுப் போர் மூண்டு, இங்கிலாந்து மில்லுகளுக்கு அங்கேயிருந்து பஞ்சு வரத்து நின்னதும், நம்ம கரிசக்காட்டுப் பருத்திக்கு யோகம் அடிச்சது. எட்டயபுரம், கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துப் பஞ்செல்லாம் இங்க வந்துதான் கப்பலேறும். 1876-ல ரயிலும் வந்துட்டுது. வெளிநாட்டு வியாபாரிகள் இந்தப் பஞ்சை 'டின்னீஸ்'னு சொல்வாங்க. திருநெல்வேலிச் சீமைப் பஞ்சுங்கிறதோட செல்லப் பேரு அது.

இந்த வியாபாரம் இல்லேன்னா 1901-ல கோவில்பட்டியில வெள்ளைக்காரன் விவசாயப் பண்ணை வச்சிருப்பானாங்கிறது எனக்குச் சந்தேகம்தான். கருங்கண்ணிப் பருத்தியில நல்ல ரகம் பிரிச்செடுத்தது பெரிய வேலை, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா இழை எவ்வளவு நீளமா இருக்கணும்ங்கிற கேள்வி மில்லுல இருந்து வந்தது. சம்சாரி வீட்டுல சாயங்காலம் குழம்புக்கு என்ன காய் இருக்குன்னு எந்தப் பண்ணையும் கேட்டதில்லை.

அந்தப் பண்ணைக்கு 1963-ல ஒரு இளைஞர் வேலைக்கு வந்தார். தஞ்சாவூர்ப் பக்கம் இளங்காடு சொந்த ஊரு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல விவசாயப் பட்டம். பேரு நம்மாழ்வார். பருத்திக்கும் சிறுதானியத்துக்கும் எவ்வளவு இடைவெளி விடணும், எவ்வளவு ரசாயன உரம் போடணும்னு சோதனை பண்ற வேலை. பண்ணைக்கு வெளிய இருந்த மானாவாரி சம்சாரிகிட்ட உரம் வாங்கக் காசு கிடையாது. மழை வருமான்னும் தெரியாது. அப்படி இருக்கையில இந்தச் சோதனை யாருக்குன்னு அவருக்கு உறுத்துச்சு. கூட இருந்தவங்ககிட்ட சொல்லிப் பார்த்தார், எடுபடல. 1969-ல அரசாங்க உத்தியோகத்தை உதறிட்டுக் களக்காட்டுக்குப் போனார். நோபல் பரிசு வாங்கிய பெல்ஜியம் பாதிரியார் டொமினிக் பியர் தொடங்கின 'அமைதித் தீவு' அங்க இருந்தது. அதுல பத்து வருசம் கிராமத்து ஆட்களோட சேர்ந்து வேலை. வெளியிலிருந்து வாங்கிப் போடுறதைக் குறைச்சாத்தான் விவசாயி பிழைப்பான்ங்கிறது அவருக்கு அங்கதான் தெளிவாச்சு. பட்டம் வாங்கிப் பல வருசம் கழிச்சு அவர் படிச்ச படிப்பு அது.

மாணவர்களையே நேரா ஊருக்கு அனுப்பணும்னு அரசாங்கத்துக்குத் தோணுனது பிந்தித்தான். 1992-ல ரந்தாவா குழு சொன்ன பிறகு, வேளாண்மைக் கல்லூரி கடைசி வருசப் பிள்ளைகள் கிராமத்துல தங்கி அனுபவப் பயிற்சி எடுக்கிறது நாடு முழுக்கப் பரவுச்சு. நம்ம மாவட்டத்துல கிள்ளிகுளம் கல்லூரி 1984-லயே வந்துட்டுது. தாமிரபரணிக்கரை ஊரு, நெல்லும் வாழையுமா பச்சுன்னு கிடக்கும். அங்க படிச்ச பிள்ள எங்க தேரிக்கு வந்தா முழிக்கத்தான் செய்யும். தேரின்னா செக்கச்செவேல்னு மணல் மேடு. ஊத்துன தண்ணி நிக்காது.

எங்க வீட்டுக் கொல்லையில தோட்டம் போட வந்த பிள்ளைக்குச் சென்னை. அளவெடுத்து, கயிறு கட்டி, அழகாப் பாத்தி பிடிச்சா. கீரை, கத்தரி, சீனியவரை, ஓரத்துல முருங்கை. ஆடிக்காத்து ஒரே ராத்திரியில மணலை அள்ளிப் போட்டு நாத்தை மூடிட்டுது. மறுநாள் காலையில அழுகிற மாதிரி நின்னா. எங்கம்மா, "ஏட்டி, காத்து எங்கேருந்து வருதுன்னு பாத்தியா?"ன்னு கேட்டா. பிறகு ரெண்டு பேரும் உக்காந்து பனையோலையில தட்டி முடைஞ்சு மேக்குப் பக்கம் நிறுத்துனாங்க. மிச்ச ஓலையை நறுக்கிப் பாத்தியில மூடாக்குப் போட்டதும் மணலு ஈரத்தைப் பிடிச்சுக்கிட்டுது. பாத்திரம் கழுவுற தண்ணியை வாழைக்குத் திருப்பினது அவ யோசனை. நாப்பது வருசமா அந்தத் தண்ணி தெருவுக்குத்தான் போயிட்டிருந்தது.

வந்த புதுசுல, "அண்ணாச்சி, இதுக்கு என்ன மருந்து அடிக்கணும்?"னு என்கிட்ட கேட்டு, பதிலையும் அவளே சொல்லிருவா. போகப்போக, "இது ஏன் இப்படி இருக்கு?"ன்னு எங்கம்மாகிட்ட கேட்க ஆரம்பிச்சா. நோட்டுலயும் தினம் காத்து எந்தத் திசைன்னு ஒரு வரி ஏறுச்சு.

எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. விதை போட்ட முருங்கை காய்க்க ஆறு மாசமாவது வேணும். இவங்க அதுக்கு முன்னாடியே மூட்டையைக் கட்டிருதாங்க. கீரை மட்டும்தான் அவ கையால அறுத்தது. நம்மாழ்வாருக்குக் கோவில்பட்டியில ஆறு வருசம், களக்காட்டுல பத்து வருசம் ஆச்சு. இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு முழு வருசம் கொடுத்தா என்ன? ஆடிக் காத்தையும் ஐப்பசி மழையையும் சித்திரை வெயிலையும் ஒரே கொல்லையில நின்னு பார்க்கட்டுமே.

தை மாசம் அவளே பஸ் ஏறி வந்தா, முருங்கை பார்க்க. பூவெடுத்திருந்தது. காய் இன்னும் பிடிக்கல.