முடிச்சும் நாளும்: படுவான்கரையின் நேர்கடன் மரபு

தெய்வத்தின் முன் சொல்லி வைத்த ஒன்றைக் குறித்த நாளுக்குள் செய்து முடிப்பது நேர்கடன். தமிழகத்தார் நேர்த்திக்கடன் என்று சொல்வதை மட்டக்களப்பார் பெரும்பாலும் இப்படிச் சுருக்கிச் சொல்வார்கள். கடன் என்ற சொல்லுக்குக் கடமை என்பது பழைய பொருள். வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது இன்றைய பொருள். நேர்கடனில் இரண்டும் உண்டு. நேர்ந்தவர் தெய்வத்துக்குக் கடன்பட்டவர், செலுத்தி முடித்ததும் கடன் தீர்ந்தவர். உடம்பையும் நாக்கையும் அன்றாடப் பழக்கத்தையும் சிறுகச் சிறுகக் கட்டுப்படுத்தும் வழி, சுகாதாரத் துண்டுப் பிரசுரங்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இந்த மரபுக்குள் இருந்தது.

மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கம், சூரியன் எழும் பக்கமாதலால், எழுவான்கரை. மேற்குப் பக்கம், அது படும் பக்கமாதலால், படுவான்கரை. நகரும் பெரிய பாடசாலைகளும் சந்தைகளும் எழுவான்கரையில் வளர்ந்தன. வயலும் குளமும் மாட்டுப் பட்டியும் படுவான்கரைக்கு உரியவையாயின. நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் வருவது வவுணதீவு. மண்முனை மேற்குப் பிரதேச செயலகப் பிரிவின் தலையிடம் இதுவே. கன்னன்குடா, ஈச்சந்தீவு, விளாவெட்டுவான், ஆயித்தியமலை, உன்னிச்சை முதலிய ஊர்கள் இதைச் சூழ்ந்த நிலப்பரப்பில் உள்ளன. வைத்தியசாலைக்குப் போக வாவியைக் கடந்தாக வேண்டிய காலத்தில், காய்ச்சலுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் மாட்டு நோய்க்கும் முதலில் கைகொடுத்தவை நாட்டு மருந்தும் நேர்கடனுமே.

நேர்வதற்கு ஒரு முறை உண்டு. வீட்டில் ஒருவருக்கு வருத்தம், அதாவது நோய், வந்தால், வீட்டுக்காரி ஒரு காசைக் கழுவி, மஞ்சளில் நனைத்த சிறு துணியில் வைத்து முடிந்து, சாமி படத்தின் அருகே வைப்பாள். எந்தத் தெய்வத்துக்கு, என்ன செய்வதாக, எப்போது என்ற மூன்றையும் வாய்விட்டுச் சொல்வாள். காசு அங்கே கிடக்கும்வரை சொன்ன சொல்லும் கண்முன்னே கிடக்கும். செலுத்தும் நாளில் முடிச்சை அவிழ்த்துக் காசைக் கோயில் உண்டியலில் போடுவாள்.

நேர்கடன்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். பொங்கல், மொட்டை, காவடி, கற்பூரச் சட்டி, தீமிதிப்பு ஆகியவை ஒரே நாளில் செலுத்தப்படுபவை. வெள்ளிக்கிழமைகளில் மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், தொடாதிருத்தல், அம்மன் கோயில் சடங்கு முடியும்வரை சாராயத்தையோ சுருட்டையோ விட்டிருத்தல், ஒரு நேரம் மட்டும் உண்ணுதல், விடியுமுன் முழுகி விளக்கேற்றுதல் போன்றவை நாள்தோறும் காக்கப்படுபவை. முதல் வகைக்குப் பணமும் துணிவும் வேண்டும். இரண்டாம் வகைக்கு வேண்டியது தொடர்ச்சி மட்டுமே. ஏழைக்கும் அது கைக்கெட்டியது.

இந்த மரபின் நாட்காட்டியை வயல் வகுத்தது. வடகீழ்ப் பருவ மழையை நம்பி விதைக்கும் மாரிப் போகத்தின் அறுவடை மாசி, பங்குனியில் முடியும். சூடு அடித்து நெல் வீட்டுக்கு வந்த பின் கையில் ஓய்வும் களஞ்சியத்தில் தானியமும் இருக்கும். வெயில் ஏறும், குளங்கள் வற்றும், தண்ணீர் கெடும். அம்மை பரவும் காலமும் அதுவே. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களின் சடங்கு வருகிறது. சடங்கு என்ற சொல் வேறிடங்களில் கிரியையையோ பூப்புநீராட்டையோ குறிக்கும். மட்டக்களப்பில் அது அம்மன் கோயிலின் ஆண்டு விழாவையும் குறிக்கும்.

கண்ணகி கோயில்கள் பலவற்றில் ஆண்டு முழுவதும் நடை சாத்தியே இருக்கும். வைகாசியில் கதவு திறத்தலோடு சடங்கு தொடங்கும். கல்யாணக்கால் நடுதல் போன்ற நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து, இறுதியில் குளிர்த்தி நடக்கும். மதுரையை எரித்த சினம் ஆறி அம்மன் குளிர்வதாகப் பாடி வழிபடும் பகுதி அது. கோயில்களில் படிக்கப்படும் கண்ணகி வழக்குரை என்ற காவியத்தை அச்சில் கொண்டுவந்தவர் வி.சீ. கந்தையா. 1964இல் வெளியான அவருடைய ‘மட்டக்களப்புத் தமிழகம்’ இந்தப் பகுதியின் வழக்கங்களைத் தொகுத்துத் தந்த முக்கியமான நூல். மழை பொய்த்தாலும் நோய் பரவினாலும் ஊர் இரண்டு சேரியாகப் பிரிந்து ஆடும் கொம்புமுறி விளையாட்டும் இதே வழிபாட்டைச் சேர்ந்தது.

சடங்கு நாட்களில் கட்டுப்பாடு கோயிலோடு நிற்பதில்லை. முற்றம் பெருக்கிச் சாணம் தெளிக்கப்படும். பானை சட்டிகள் கழுவிக் கவிழ்க்கப்படும். மச்சம் அடுப்பேறாது, குடி நிறுத்தப்படும். ஒரு வீட்டில் அம்மாள் வருத்தம், அதாவது அம்மை, கண்டால் வாசலில் வேப்பிலை செருகப்படும். அயலார் உள்ளே வரமாட்டார்கள், வீட்டார் வெளியே சுற்றமாட்டார்கள். தாளிதமும் பொரியலும் நின்று, நோயாளிக்குக் குளிர்ச்சியான உணவே கொடுக்கப்படும். தெய்வத்துக்கான மரியாதை என்று சொல்லிச் செய்த இந்தத் தனிமைப்படுத்தல், நோய் பரவுவதையும் ஓரளவு தடுத்திருக்கும். பெரியம்மைக்கான தடுப்பூசி 1802இல் இலங்கைக்கு வந்தது. அந்த நோய் உலகில் இல்லாதொழிந்ததாக 1980இல் அறிவிக்கப்பட்டது. நோய் போன பிறகும் வேப்பிலையும் குளிர்த்தியும் நிலைத்துவிட்டன.

சிறு இலக்கை நாள் எண்ணிக் காக்கும் முறை மிகத் தெளிவாகத் தெரிவது காப்பு விரதங்களில். கேதார கௌரி விரதம் புரட்டாசி வளர்பிறைத் தசமியில் தொடங்கி ஐப்பசி அமாவாசையில் முடியும். விநாயகருக்கான பெருங்கதை விரதம் கார்த்திகைத் தேய்பிறைப் பிரதமையில் தொடங்கி மார்கழி வளர்பிறைச் சஷ்டியில் முடியும். இரண்டும் இருபத்தொரு நாள். இருபத்தொரு இழை கொண்ட நூலை எடுத்து, நாளுக்கு ஒரு முடிச்சாகப் போட்டு வருவது கேதார கௌரி விரதத்தின் வழக்கம். கடைசி நாளில் அந்த நூல் காப்பாகக் கையில் கட்டப்படும். ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அந்த நூல் ஒரு கணக்கேடு. விரலால் தடவினாலே எத்தனை நாள் கடந்தது, எத்தனை நாள் கிடக்கிறது என்று தெரிந்துவிடும்.

இந்த விரதங்களின் விதி இரக்கமற்றதன்று. இருபத்தொரு நாளும் இயலாதவர் கடைசி ஒன்பது நாள் பிடிக்கலாம். அதுவும் முடியாதவருக்குக் கடைசி நாள் மட்டும் போதும். ஐப்பசியில் வரும் கந்த சஷ்டிக்கு ஆறு நாள். அதில் வெறும் தண்ணீரோடு இருப்பவர் உண்டு, பாலும் பழமும் எடுப்பவர் உண்டு, ஒரு நேரச் சோறு உண்பவரும் உண்டு. ஆறு ஆண்டு தொடர்ந்து பிடிப்பதாக நேர்பவர்கள் முதல் ஆண்டில் எளிதானதில் தொடங்கிப் படிப்படியாகக் கடினமாக்கிக்கொள்வதும் உண்டு. அவரவர் உடல்நிலைக்கும் வேலைக்கும் ஏற்ப அளவைக் குறைத்துக்கொள்ள இடமிருந்ததால், வயலில் கூலிக்குப் போகும் பெண்ணும் இந்த வட்டத்துக்குள் இருக்க முடிந்தது.

மார்கழியில் திருவெம்பாவைக்காலம் பத்து நாள். இருள் பிரியுமுன் எழுந்து, முழுகி, சங்கும் சேமக்கலமும் ஒலிக்கப் பாடிக்கொண்டு ஊர் சுற்றி வருவார்கள். பிள்ளைகளுக்கு இதுதான் முதல் நேர்ச்சி. பனியில் எழுவது கடினம். ஆனால் தெருவில் பாட்டு வரும்போது படுத்துக் கிடப்பது அதைவிடக் கடினம். ஒருவருடைய உறுதியைப் பலர் தாங்கிப் பிடிக்கும் இந்த ஏற்பாடு மடிப்பிச்சையிலும் உண்டு. அம்மனுக்கு நேர்ந்தவர், வசதியானவராக இருந்தாலும், அயல் வீடுகளுக்குப் போய் மடியேந்தி அரிசியோ நெல்லோ வாங்கி அதைக் கொண்டே நேர்ந்ததைச் செலுத்துவார். பிடியரிசி போட்ட ஒவ்வொரு வீடும் அந்த நேர்கடனுக்குச் சாட்சி.

நடை நேர்ச்சிகள் இன்னொரு வகை. யாழ்ப்பாணத்திலிருந்து கிழக்குக் கரை வழியாகக் கதிர்காமத்துக்குப் போகும் பாதயாத்திரையில் மட்டக்களப்பு ஊர்களிலிருந்தும் பலர் சேர்கிறார்கள். உகந்தை முருகன் கோயிலைக் கடந்தால் காட்டுவழி. வவுணதீவுப் பக்கத்திலேயே இருக்கும் ஆயித்தியமலை சதாசகாய மாதா திருத்தலத்துக்கு, செப்டெம்பர் திருவிழாவையொட்டிக் கத்தோலிக்கர்கள் நகரிலிருந்து நடந்து வருகிறார்கள். எந்த வழிபாட்டைச் சேர்ந்தவராயினும், ஒரு நாளில் எவ்வளவு நடப்பது, எங்கே தங்குவது என்று தூரத்தைத் துண்டு துண்டாக வகுத்துக்கொள்ளும் அறிவு நடப்பவர்களுக்குப் பொதுவானது.

மட்டக்களப்பின் கிறிஸ்தவ மரபும் இந்தப் பழக்கத்துக்குத் தன் பங்கைச் சேர்த்தது. கத்தோலிக்கரின் தவக்காலம் நாற்பது நாள் ஒறுத்தலின் காலம். மச்சம், குடி, பிடித்த பண்டம் ஆகியவற்றில் ஒன்றை விட்டு, மிஞ்சிய பணத்தை ஏழைகளுக்குக் கொடுப்பது அதன் நெறி.   வாவியைச் சூழ்ந்த முஸ்லிம் ஊர்களில் ரமழான் நோன்பு ஒரு மாதம். மூன்று சமயத்தாரும் அடுத்தடுத்து வாழ்ந்த கரையில், குறித்த நாட்களுக்கு ஒன்றை விட்டிருப்பது யாருக்கும் புதிதல்ல. நோன்பு, விரதம், ஒறுத்தல் என்று பெயர்தான் வேறு.

சிக்கனமும் இதே வடிவத்தில் பழகியது. உலைக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனிப்பானையில் போட்டுவைப்பது பிடியரிசி. ஒரு பிடி குறைவதால் யாருக்கும் வயிறு காயாது. மாத முடிவில் கோயிலுக்கோ கஷ்டப்பட்ட வீட்டுக்கோ கொடுக்க ஒரு பங்கு சேர்ந்திருக்கும். கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு இலங்கையில் 1911இல் சட்டம் வந்தது. 1995இல் தொடங்கிய சமுர்த்தித் திட்டம் சிறு சேமிப்பையும் சிறு குழுவையும் அடிப்படையாகக் கொண்டது. பானையிலிருந்து சேமிப்புப் புத்தகத்துக்கு மாறியபோதும், கொஞ்சமாகவும் தவறாமலும் பலர் பார்க்கவும் போடுவது என்ற முறை மாறவில்லை.

போர் இந்த ஒழுங்கைக் குலைத்தது. நகரம் அரச படைகளிடமும் படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளிடமும் இருந்த ஆண்டுகளில், வாவியைக் கடப்பதென்றால் சோதனைச் சாவடிகளைக் கடப்பது. இடம்பெயர்ந்த ஊர்களில் சடங்கு நின்றது. கதிர்காம நடை தடைப்பட்டது. ஆனால் வீட்டுக்குள் காக்கும் விரதத்துக்குக் கோயிலோ பந்தலோ தேவையில்லை. ஒரு நூலும் விளக்கும் போதும். கிழக்கில் 2007இல் சண்டை ஓய்ந்தபின் கதவு திறத்தல்களும் நடைகளும் மீண்டன. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டு, தெற்கே கொக்கட்டிச்சோலைப் பக்கம் போக ஓடத்துக்குக் காத்திருந்த காலமும் முடிந்தது.

அரச சுகாதாரப் பணி இதற்கு இணையாக வளர்ந்தது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை நாடெங்கும் பரவி, குடும்பநல உத்தியோகத்தர் வீட்டு வாசலுக்கே வரும் ஏற்பாடாக மாறியது. கொதித்தாறிய நீர், தாய்ப்பால், தடுப்பூசி என்று அவர் சொன்னவையும் ஒவ்வொன்றாகப் பழகவேண்டிய சிறு பழக்கங்களே. அம்மையும் வயிற்றோட்டமும் குறைந்த இடத்தில் இன்று சீனி வருத்தமும் இரத்த அழுத்தமும் வந்திருக்கின்றன. தேநீருக்குச் சீனியைக் குறைப்பதும் மாலையில் அரைமணி நேரம் நடப்பதும் இன்றைய இலக்குகள்.

பழக்கம் எப்படிப் படிகிறது என்பதை மேலைநாட்டு ஆய்வாளர்களும் எண்ணிப் பார்த்தார்கள். ஒரு மாற்றத்துக்கு மனம் பழகக் குறைந்தது இருபத்தொரு நாள் ஆகும் என்று அமெரிக்க அறுவை மருத்துவர் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் 1960இல் எழுதியது உலகெங்கும் பரவியது. லண்டனில் பிலிப்பா லாலியும் உடனாய்வாளர்களும் 96 பேரைக் கொண்டு செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆகிறது என்றும், ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள்வரை வேறுபடுகிறது என்றும் கண்டது. ஒரு நாள் தவறினால் பழக்கம் அழிந்துவிடுவதில்லை என்பதும் அதில் தெரிந்தது. எப்போது, எங்கே, எப்படி என்று முன்கூட்டியே வகுத்த எண்ணம் வெறும் ஆசையைவிட நிறைவேறுகிறது என்று ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கொல்விட்சர் 1999இல் எடுத்துக்காட்டினார்.

மால்ட்ஸின் எண்ணும் காப்பின் இழை எண்ணும் ஒன்றாயிருப்பது தற்செயல். காப்பு விரதம் இருபத்தொரு நாளில் ஒரு பழக்கத்தைப் படியவைத்துவிடுவதாகச் சொல்லிக்கொள்வதில்லை. ஆண்டுதோறும் திரும்பி வருவதே அதன் பலம். இடமும் நேரமும் வாய்விட்டுச் சொல்லி நேர்வது, அளவைக் குறைத்துக்கொள்ள இடம் விடுவது, கணக்கைக் கண்முன் வைப்பது, அயலாரைச் சாட்சியாக்குவது ஆகியவற்றிலேயே மரபும் ஆய்வும் நெருங்குகின்றன.

மரபுக்குக் குறைகளும் இருந்தன. விரதத்தின் சுமை பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுந்தது. பட்டினி கிடந்தவளே வீட்டாருக்குச் சமைத்தாள். போட்டிக்கு நேர்ந்து பெருஞ்செலவில் மாட்டிக்கொண்ட குடும்பங்கள் உண்டு. சடங்குவரை குடியை விட்டவர் சடங்கு முடிந்த இரவே அதற்குத் திரும்புவதும் உண்டு. சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவரும் கர்ப்பிணிகளும் முழுப் பட்டினி இருப்பது ஆபத்து. அத்தகையவர்கள் வைத்தியரைக் கேட்டுப் பாலும் பழமும், அல்லது ஒரு நேர உணவும் என்று அளவை மாற்றிக்கொள்ள மரபிலேயே வழி இருக்கிறது.

விரதம் முடிந்து முதல் உணவு எடுப்பதற்குப் பாறணை என்று பெயர். அதையும் காலையில், குறித்த நேரத்தில், மற்றவர்களோடு பகிர்ந்தே உண்ண வேண்டும். கேதார கௌரிக் காப்பைச் சிலர் உடனே கழற்றுவதில்லை. சாயம் போய், இழை நைந்து, அடுத்த ஐப்பசி வரும்வரை அது மணிக்கட்டில் கிடக்கும். புதிய நூலில் இருபத்தோராவது முடிச்சு விழுந்த பிறகே பழையது அவிழும்.