மருந்தடிப்பவரின் தோல்

சுங்கை வே என்றதும் நம் நினைவுக்கு வருபவை தொழிற்சாலைகள். 1970களின் தொடக்கத்தில் அங்கே சுதந்திர வாணிப வட்டாரம் அமைந்தது. தோட்டத்து லயங்களிலிருந்து நம் பெண்பிள்ளைகள் மின்னணுத் தொழிற்சாலைகளுக்குப் பஸ் ஏறினார்கள். அதற்கு முன் அந்தப் பக்கமெல்லாம் ஈயச் சுரங்கமும் பால்மரத் தோட்டமும்தான். தோட்டமானாலும் தொழிற்சாலையானாலும், வேலை முதலில் தொடுவது நம் தோலை.

இத்தாலி நாட்டு மருத்துவர் ராமஸ்ஸினி, தொழிலாளர் நோய்களைப் பற்றி 1700ஆம் ஆண்டிலேயே ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம், 'நீ என்ன தொழில் செய்கிறாய்?' என்றும் கேட்க வேண்டும் என்பது அவர் கருத்து. சொறி என்று போனவருக்குக் களிம்பு தடவி அனுப்புவதோடு முடித்துக்கொள்ளும் இடங்களில் இந்தக் கேள்வி எழுவதே இல்லை.

நம் தோட்டங்களின் கதையைப் பார்ப்போம். லாலாங் புல்லை அழிக்க முற்காலத்தில் சோடியம் ஆர்சனைட் தெளித்தார்கள். ஆர்சனிக் என்பது பாஷாணம். நாள்பட உடம்பில் சேர்ந்தால் தோல் கறுக்கும், உள்ளங்கை தடித்துப்போகும், புற்றுநோயும் வரலாம். 1960களில் அதன் இடத்தைப் பாராகுவாட் பிடித்தது. கிராமக்சோன் என்றால் தோட்டத்தில் தெரியாதவர் இல்லை. அது பட்ட தோல் சிவந்து கொப்பளிக்கும், நகம் நிறம் மாறி விழும். புண் வழியாக உள்ளே போனால் நுரையீரலையே கெடுக்கும். அதற்கு மாற்று மருந்து கிடையாது.

இந்த மருந்தடிப்பு வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுந்தது. முதுகில் பம்பு; ஒழுகினால் சேலைத் துணியெல்லாம் மருந்து. கோலாலம்பூரின் தெனாகானித்தா அமைப்பும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பும் அவர்களின் துன்பத்தை ஆராய்ந்து 2002இல் அறிக்கை வெளியிட்டன. அவ்வாண்டே அரசாங்கம் பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. ஆனால் 2006இல் மறுபடி அனுமதி கிடைத்தது! 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் தடை உறுதியானது. இடைப்பட்ட ஆண்டுகளில் தேய்ந்த தோல்களுக்கு யார் கணக்கு வைத்தார்கள்?

இன்று அடிப்பவை வேறு களைக்கொல்லிகள். தற்காப்பு முறை மட்டும் ஒன்றுதான். காற்றுக்கு எதிராக நின்று அடிக்கக் கூடாது. ஆறாத புண் இருந்தால் மருந்தைத் தொடக் கூடாது. கையுறை கிழிந்திருந்தால் போடாதிருப்பதைவிட மோசம். மருந்து உள்ளே தேங்கிக் கையை ஊறவைத்துவிடும். நம் பாலில் செய்த ரப்பர்க் கையுறையே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வேலையிடத்திலேயே தண்ணீரும் சவர்க்காரமும் வேண்டும். வீடு வந்து கழுவலாம் என்றால் அதற்குள் பாதி நாள் போய்விடும். அந்தத் துணியைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். பால் ஸ்டோரில் பார்மிக் ஆசிட் ஊற்றுகிறவர்களும், தொழிற்சாலையில் கரைப்பான் கொண்டு பாகங்களைத் துடைக்கும் பிள்ளைகளும் இதே கவனத்தோடு இருக்க வேண்டியவர்கள்.

இவற்றையெல்லாம் தொழிலாளியின் பொறுப்பு என்று மட்டும் தள்ளிவிட முடியாது. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் முதலாளியின் கடமையைச் சொல்கிறது. வேலையால் வரும் தோல் நோய் பெர்க்கேசோவின் தொழில் நோய்ப் பட்டியலிலும் உண்டு. ஆகவே கிளினிக்குக்குப் போகும்போது அரிப்பு என்று மட்டும் சொல்லாமல், என்ன வேலை, எந்த மருந்து, எத்தனை நாளாக என்று சொல்லுங்கள். டப்பாவின் மேல் உள்ள பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் இன்னும் நல்லது; எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்குப் போகும் பிள்ளையை எழுதித் தரச் சொல்லுங்கள்.