இனமாற்றம் இல்லாத பெருக்கல்

1830-இல் பாரிஸில் எவரிஸ்த் கலுவா ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 18. எண்ணி முடித்துவிடக்கூடிய அளவே உறுப்புகள், ஆனாலும் கூட்டல் முதல் வகுத்தல் வரை நான்கும் பிசகாமல் நடக்கும்: இப்படிப்பட்ட எண் அமைப்புகளை அதில் கட்டிக் காட்டினார். இரண்டே ஆண்டுகளில் துப்பாக்கிச் சண்டையொன்றில் இறந்துபோனார். முடிவுறு களம் எனப்படும் அந்த அமைப்பு நூறாண்டுக்கும் மேலாகப் பெரும்பாலும் கணித நூல்களுக்குள்ளேயே இருந்தது.

1960-இல் எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்தில் இர்விங் ரீடும் குஸ்தாவ் சாலமனும், வழியில் சிதைந்த தகவலை மீட்கும் குறிமுறையை அந்தக் களத்தின்மேல் அமைத்தார்கள். அதை இயக்க, களத்தின் பெருக்கலை மின்சுற்றாக்க வேண்டியிருந்தது.

256 உறுப்புகள் கொண்ட களத்தில் ஒவ்வோர் உறுப்பும் 8 பிட். கூட்டல் என்பது எக்ஸார். ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் சுழி, அடுத்த இலக்கத்துக்கு எதுவும் ஏறாது. வழக்கமான பெருக்கியைத் தாமதப்படுத்தும் இனமாற்றம் இங்கே அறவே இல்லை. ஏ.இ.எஸ். மறையாக்கத்தின் களத்தில் 10101110-ஐ 2-ஆல் பெருக்கிப் பாருங்கள். பிட்களை இடப்பக்கம் ஓரிடம் நகர்த்த வேண்டும். வெளியே விழும் 1-க்கு ஈடாக, களத்தை வரையறுக்கும் பல்லுறுப்புக் கோவை தரும் 00011011-ஐ எக்ஸார் செய்ய வேண்டும். விடை 01000111. சிப்பில் நகர்த்துவதற்கு வெறும் இணைப்பு போதும். மொத்தச் செலவு மூன்றே எக்ஸார் கேட்!

முழுப் பெருக்கலுக்கு இந்தச் சிறு சுற்றையே 8 கடிகாரத் துடிப்புகளுக்கு ஓட்டலாம். ஒரே துடிப்பில் விடை வேண்டுமானால், நேரடி முறையில் 64 அண்ட் கேட்கள் தேவை. 128 பிட் களத்தில் அது 16,384 ஆகிவிடும். இடமா, நேரமா என்ற இந்த இழுபறிதான் பெருக்கியை வளர்த்தது. ஆய்வாளர்களான மாஸியும் ஒமுராவும் எண்ணை எழுதும் முறையையே மாற்றினார்கள்; வர்க்கம் காண்பது பிட்களைச் சுழற்றிவிடும் வேலையாகச் சுருங்கியது. பெருக்குவதையும், விடையைக் களத்துக்குள் அடக்குவதையும் சுவீடனின் மாஸ்ட்ரோவிட்டோ ஒரே அணிக்குள் கொண்டுவந்தார். மாஸ்கோவில் கரட்சுபா 1960-இல் கண்ட வழி, நான்கு பெருக்கல்களை மூன்றாகக் குறைத்துப் பெரிய களங்களுக்குக் கைகொடுத்தது.

1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு கீறல்களைத் தாங்கிப் பாடியது ரீடும் சாலமனும் அமைத்த அந்தக் குறிமுறையின் பலத்தில்தான். 2010-இல் இன்டெல் செயலிகளில் இனமாற்றமில்லாப் பெருக்கலுக்கென்றே தனி ஆணை வந்தது. பாதுகாப்பான இணையத் தொடர்புகள் பலவற்றில், வரும் தகவலை இடையில் யாரும் திருத்தவில்லை என்று உறுதிசெய்ய இன்று 128 பிட் களப் பெருக்கல் நடக்கிறது.

கேட்களின் எண்ணிக்கை சிப் கைக்கு வருமுன்பே தீர்மானமாகிவிடுகிறது. எந்தப் பல்லுறுப்புக் கோவை, எண்ணை எப்படி எழுதுவது என்ற இரு தேர்வுகளில்தான் சிக்கனம் பிறக்கிறது. சுற்று வரையப் பழகும் மாணவர் கலுவாவின் இயற்கணிதத்தைத் தேர்வுக்கான பாடமாக மட்டும் படித்துக் கடந்துவிடக் கூடாது; அந்த மாணவர் வரையும் சிப்பின் பரப்பும் வேகமும் அங்கேயே முடிவாகின்றன.